வன்னி வெக்கையில் எது கூட நாள் உழைக்கும்: சீலிங் ஃபானா, எயார் கூலரா, ஏசியா?

சித்திரை வெயில் தொடங்கினால் கிளிநொச்சிக் கடைகளில் எயார் கூலரும் ஏசியும் வாசலுக்கு வந்துவிடும். விலையைக் கேட்கிறோம், கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறோம். எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. வெளிநாட்டுக் காசிலோ சீட்டுக் காசிலோ வாங்கும் எங்களுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எங்கள் ஹோலில் ஓடும் சீலிங் ஃபான் 2011இல், மீளக்குடியேறி வீடு கட்டிய கையோடு வாங்கியது. இன்னும் ஓடுகிறது. நல்ல ஃபானுக்கு 15, 20 வருடம் என்பது பெரிய வயதில்லை. உள்ளே தேய்வதற்கு இருப்பது இரண்டு பேரிங், வலுவிழப்பதற்கு இருப்பது மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடும் ஒரு கப்பாசிட்டர். சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டு நின்று, தடியால் தட்டிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கம்பியில் உள்ள கோப்பையை நகர்த்தினால், தீப்பெட்டியளவு சின்னப் பெட்டி தெரியும். அதில் 2.5 மைக்ரோஃபரட் என்று இருந்தால் அதே அளவுதான் வாங்க வேண்டும். வேகம் கூடும் என்று பெரிதாகப் போட்டால் மோட்டரின் கம்பிச் சுருள் (வைண்டிங்) சூடேறிக் கருகும். ஸ்டாண்ட் ஃபானுக்கு இந்த ஆயுள் இல்லை. புஷ் தேய்ந்து, பிளாஸ்டிக் கழுத்து ஆடி, ஐந்தாறு வருடத்தில் மூலைக்குப் போய்விடும்.

எயார் கூலரை இங்கே நான் யாருக்கும் சொல்வதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் கூலரின் தேன்கூட்டு அட்டையிலும் படிகிறது. இரண்டு மூன்று வருடத்தில் அட்டை கல்லாகும், சின்னப் பம்ப் அடைக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிரும் தராது. தாங்கியில் தண்ணீரை விட்டுவைத்தால் நுளம்பு பெருகும்.

அப்புறம் ஏசி. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கு 10 முதல் 15 வருடம் என்பது பொதுவான கணக்கு, ஜன்னல் ஏசிக்கு 10 வருடமளவில். கனடாவில் இருக்கும் அண்ணா தன் வீட்டு ஃபர்னஸ் 18 வருடமாகச் சூடு தருகிறது என்கிறார். அது வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது, பாதி வருடம் ஓய்வு. அந்தக் கணக்கை இங்கே போட முடியாது. சோளகக் காற்றோடு வரும் செம்மண் தூசு பில்டரை அடைக்கும். அந்த மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். முல்லைத்தீவில் கடலுக்குக் கிட்ட இருக்கும் தங்கச்சி வீட்டில் நாலாம் வருடமே வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளை விரலால் தடவப் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று. அங்கே மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் கழுவினால்தான் தாக்குப்பிடிக்கும்.

ஏசியைக் கொல்வது பெரும்பாலும் கரண்ட்தான். போன கரண்ட் உடனே திரும்பி வந்தால், உள்ளே அழுத்தம் இறங்காத நிலையில் கொம்ப்ரெசர் திணறும். மூன்று நிமிடம் பொறுத்துப் போடும் ஸ்டெபிலைசர் அதற்காகத்தான். ஐப்பசி இடிமுழக்கத்தில் பிளக்கையே கழற்றிவிடுங்கள், மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வேட்டர் ஏசியின் எலெக்ட்ரோனிக் போர்ட் மின்னலுக்குத் தாங்காது. ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் காஸில் ஓடும் பாவித்த ஏசி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஓசோனைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அந்தக் காஸைக் கைவிட்டு வருகிறார்கள்.

என் தெரிவு: எல்லா அறைக்கும் சீலிங் ஃபான், வயதானவர்களோ கைக்குழந்தையோ படுக்கும் ஓர் அறைக்கு மட்டும் ஏசி. ஆனால் ஏசி பூட்டுவதற்காகக் கூரையடிக் காற்றுத் துவாரங்களைச் சீமெந்தால் பூசிவிடாதீர்கள். ஏசி பழுதாகும் நாளில் அந்த அறை சூளையாகிவிடும். கழற்றக்கூடிய பலகை போட்டு மூடினால் போதும்.