ஐந்து வருடம் இழுத்த பிறகு: எங்கள் சின்னக் கரவனும் அதன் எடைக் கணக்கும்

2021 ஏப்ரலில் பாவித்த எரிபா ட்ரைட்டன் கரவன் ஒன்றை வாங்கினோம். தமிழ்நாட்டு நண்பரிடம் கரவன் வாங்கிவிட்டோம் என்று சொன்னபோது, படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வாகனத்தை நினைத்து அவர் திகைத்துப்போனார். எங்களுடையது காரின் பின்னால் கொளுவி இழுக்கும், படுத்துச் சமைத்துத் தங்கும் சின்னப் பயண வீடு. கூரையை மேலே தூக்கினால்தான் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஐந்து கோடைகளாக இழுத்துத் திரிந்த பிறகு, வாங்க யோசிக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் பார்த்தது கரவனை அல்ல, காரை. எங்கள் டீசல் எஸ்டேட் காரின் கேர்ப் எடை, அதாவது ஆட்களும் சாமானும் ஏறாத எடை, 1,390 கிலோ. புதிதாக இழுப்பவர்கள் இதில் 85 வீதத்தைத் தாண்டாத கரவனைத்தான் எடுக்கவேண்டும் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் அறிவுரை. சட்டம் அல்ல, ஆனால் நான் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1,180 கிலோ. ஒப்பிடவேண்டியது கரவனின் வெற்று எடையை அல்ல, சாமான் ஏற்றியபின் அது தாண்டக்கூடாத உச்ச எடையை. கரவனில் பதித்திருக்கும் தகட்டில் எம்.ரி.பி.எல்.எம். என்று இருக்கும். எங்கள் தகட்டில் 1,100. கார் உற்பத்தியாளர் கொடுத்த இழுவை எல்லையையும் தனியாகப் பார்க்கவேண்டும். அது வேறு கணக்கு.

எரிபாவை எடுத்ததற்கு எடை மட்டும் காரணமில்லை. விமானங்களை வடிவமைத்த எரிச் பாகெமின் பெயரிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. உள்ளே இரும்புக்குழாய்ச் சட்டம், ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம், ஓடும்போது தணிந்த கூரை. எதிர்க்காற்றில் இதன் அருமை தெரியும். தனியாக ஓடும்போது ஒரு கலன் (கேலன்) டீசலுக்கு 50 மைல் தரும் எங்கள் கார், இதை இழுக்கும்போது 33 அளவில் தருகிறது. உயரமான கரவன் வைத்திருக்கும் மச்சான் 25ஐத் தாண்டியதே இல்லை.

இனி முதல் கோடையில் நடந்தது. இலண்டனிலிருந்து வட இங்கிலாந்திலுள்ள கெஸ்விக் போனோம். மாமியும் வந்தார். “தம்பி, கடைச் சாப்பாடு மூண்டு கிழமைக்குச் சரிவராது, கிரைண்டரையும் ஏத்துங்கோ” என்றார். ஏற்றினேன். 10 கிலோ அரிசி மூட்டை, இடியப்ப உரல், திருவலை, மடிப்புக் கதிரைகள், சைக்கிள் இரண்டு, எல்லாம் கரவனின் பின்பக்கத்தில், இடம் இருந்த இடத்தில். எம்6 மோட்டர்வேயில் ஷாப் என்ற மலையுச்சி தாண்டி இறங்கும்போது நடுப்பாதையில் ஒரு லொறியை முந்தினேன். கரவன் இழுப்பவருக்கு மோட்டர்வேயில் எல்லை 60 மைல். சரிவில் முள் அதைத் தாண்டியதை நான் கவனிக்கவில்லை. லொறியின் முகப்பைக் கடந்த நொடியில் கரவன் இடம் வலமாக ஆடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிது. காரின் பின்பக்கத்தையே பிடித்து உலுப்பியது.

பிரேக்கை மிதிக்கச் சொல்லித்தான் கால் துடிக்கும். மிதிக்கக்கூடாது. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. பென்ரித்தில் இறங்கி லொறிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் அந்தச் சரிவை நினைத்தால் வயிறு பிசைகிறது.

திரும்பி வந்ததும், அதே சாமானோடு எடைப்பாலத்துக்குப் போனேன். தராசு 1,168 காட்டியது. தகட்டைவிட 68 கிலோ கூட. பிடிபட்டால் சட்டப்படியும் குற்றம். அதைவிட மோசம் நோஸ்வெயிட், அதாவது காரின் பின்னால் இருக்கும் ரோபார் என்ற இழுவைக் கம்பியின் உருண்டையில் கரவனின் முன்பக்கம் அழுத்தும் எடை. கரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 வீதம் இருக்கவேண்டும். எனக்கு இருந்தது 38 கிலோ, 60க்குக் கிட்ட இருந்திருக்கவேண்டியது. பின்பக்கப் பாரம் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தது. ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்கள் நுகத்தடியில் பாரத்தைப் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். அதே விஷயம்தான்.

கொளுவியில் உராய்வு ஸ்டெபிலைசர் இருந்ததால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அது சின்ன ஆட்டத்தை அடக்கும். பிழையாக அடுக்கிய பாரத்தைச் சரிசெய்யாது. சொல்லப்போனால், மறைத்துவிடும். அதன் பட்டைகள் உருண்டையை இறுக்கிப் பிடிப்பதால், உருண்டையில் கிரீஸும் பெயின்றும் இருக்கக்கூடாது. எங்களுடையதில் கிரீஸ் பூசியிருந்தது. பட்டைகளையும் மாற்றினேன்.

இப்போது பாரமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு. இலேசானவை மேல் அலுமாரிகளில். தண்ணீர்ப் பீப்பாய் வெறுமையாகத்தான் வரும். 40 லீற்றர் என்றால் 40 கிலோ. அரிசியைப் போய்ச் சேரும் ஊரிலேயே வாங்குகிறோம். கிரைண்டர் வீட்டில் நிற்கிறது. மாமி அரைத்த மாவைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவருகிறார். தராசில் 1,060, நோஸ்வெயிட் 68. காரின் ரோபார் தாங்கும் எல்லை 75, அதையும் தாண்டவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஆடவில்லை.

விற்ற கடையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரயர்கள் புதுசுபோல என்றார்கள். பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 1413 என்ற இலக்கம், 2013ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை. எட்டு வருடப் பழசு. கரவன் ரயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது, ஏழைத் தாண்டவே கூடாது. மாற்றிய பிறகு முதல் 30 மைல் ஓடியதும் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும். ஈரமானி வைத்துச் சுவர்களைப் பார்க்காமல் பாவித்த கரவன் எடுக்காதீர்கள். 20 வீதத்துக்கு மேல் காட்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் திரும்பி வந்துவிடுவேன்.

கொளுவும்போது நான் ஒன்றை மட்டும் தவறவிடமாட்டேன். கொளுவியபின், கரவனின் முன்னால் அதைத் தாங்கும் சின்னச் சில்லின் கைபிடியைச் சுற்றி, கரவனைச் சற்று மேலே தூக்குவேன். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் கொளுவி பூட்டியிருக்கிறது. பிறகு, கரவன் காரிலிருந்து கழன்றால் அதன் பிரேக்கை இழுக்கும் கம்பிவடம், விளக்குகள், காரின் நீட்டுக் கண்ணாடிகள் எல்லாம் பார்ப்பேன். மனைவி பின்னால் நின்று விளக்குகளைச் சொல்லுவாள். அவசரம் என்று ஒருநாளும் விட்டதில்லை.

2021 டிசம்பர் 16 முதல், 1997 ஜனவரி முதல் லைசென்ஸ் எடுத்தவர்களும் தனிச்சோதனை இல்லாமல் 3,500 கிலோ வரை இழுக்கலாம். சட்டம் விடுகிறது என்பதற்காக நேரே மோட்டர்வேயில் ஏறாதீர்கள். கரவன் கழகங்கள் நடத்தும் பயிற்சிக்கு ஒருநாள் போங்கள். பின்னோக்கி எடுப்பதை நான் அங்கேதான் படித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கூரையின் துணிப்பகுதியில் குளிர்காலத்தில் ஈரம் கோர்க்கும். குசினி மிகச் சின்னது. ஆட்டிறைச்சிக் கறி வைத்தால் மணம் அந்தத் துணியில் ஏறி ஒரு கிழமை நிற்கும், ஆகவே கறியும் பொரியலும் வெளியே ஓனிங் என்ற துணிப் பந்தலின் கீழேதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், படுக்கை பற்றாமல் மூத்தவன் இப்போது கூடாரத்தில் படுக்கிறான். பெரியதாக எடுப்போமா என்று மனைவி கேட்டாள். இந்தக் கார் இருக்கும்வரை இல்லை என்றேன். 2021இல் போட்ட ரயர்களுக்கும் ஐந்து வருடமாகிறது. ஈஸ்டருக்கு முன்னம் இரண்டையும் மாற்றிவிட்டு, முதல் ஓட்டமாக எடைப்பாலத்துக்குத்தான் போகப்போகிறேன்.