கொரிய மொழியில் வாழ்த்து: நண்பரிடம் ஒன்று, மேலாளரிடம் வேறொன்று

கொரிய மொழியில் வாழ்த்துக்கான வேர்ச்சொல் ஒன்றுதான்: சுக்கா. எழுதும்போது சுக், ஹா என்று இரண்டு அசைகளாக நிற்கும். சொல்லும்போது ஹகரம் முன்னுள்ள ககரத்தில் கரைந்து, மூச்சு கலந்த 'கா' ஆகிவிடும். குழப்பமெல்லாம் விகுதியில்தான். சுக்காஹே, சுக்காஹேயோ, சுக்காஹம்னிதா, சுக்காதுரியோ, சுக்காதுரிம்னிதா என ஐந்து வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

சுக்காஹே பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நெருங்கிய நண்பருக்கும் தம்பி தங்கைக்கும் உரியது. அவர்களைத் தவிர வேறு யாரிடமும் வேண்டாம்.

சுக்காஹேயோவில்தான் புதிதாகக் கற்பவர்கள் சறுக்குகிறார்கள். பாடநூல்கள் இதற்கு 'மரியாதை வடிவம்' என்று பெயர் சூட்டிவிடுகின்றன. அந்த 'யோ' பேச்சை நாகரிகமாக்குகிறது, உண்மைதான். ஆனால் எதிரில் இருப்பவரை அது உயர்த்துவதில்லை. சம வயதுச் சக ஊழியருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது அழகாகப் பொருந்தும். பதவி உயர்வு பெற்ற மேலாளரிடம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஏதோ குறைகிறது என்று அவருக்குத் தோன்றும்.

அப்படியானால் சுக்காஹம்னிதா? ஒலியில் கம்பீரம், இலக்கணத்தில் உயர்ந்த படி. ஆனால் கொரியாவின் பிறந்தநாள் பாட்டைக் கவனியுங்கள்: 'செங்இல் சுக்காஹம்னிதா' என்றுதான் பாடுகிறார்கள், கேக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு வயதுக் குழந்தையாக இருந்தாலும். இது சபையில் பேசும் மொழி. மேடை அறிவிப்பு, வாசலில் தொங்கும் பதாகை, செய்தி வாசிப்பு ஆகியவற்றுக்கு ஏற்றது. தனி மனிதரை முன்னிறுத்தி வணங்கும் குணம் இதில் இல்லை.

அந்தக் குணம் 'துரி' சேர்ந்த வடிவங்களில் இருக்கிறது. கொடுப்பதைக் குறிக்கும் வினையின் பணிவு வடிவம் அது. சொல்பவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு வாழ்த்தைச் சமர்ப்பிக்கிறார். (இதிலுள்ள 'து' நம் குற்றியலுகரத்தைப் போல ஒலிக்கும்; 'காது' என்பதன் கடைசி எழுத்தை உதடு குவிக்காமல் சொல்வது போல.) இதன் மீது இலக்கணக்காரர்களுக்கு ஒரு காலத்தில் மனத்தாங்கல் இருந்தது. வாழ்த்து என்பது கையில் எடுத்துக் கொடுக்கும் பொருளா என்பது அவர்கள் கேள்வி. 1992-இல் வந்த அரசு மொழி நிறுவனத்தின் வழிகாட்டி இதைத் தேவையற்ற பணிவு என்றது. 2011-இல் வந்த திருத்திய வழிகாட்டி ஏற்றுக்கொண்டது. மக்கள் அதற்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. இன்று அலுவலக மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் சுக்காதுரிம்னிதா மிகச் சாதாரணம். நன்கு பழகிய மூத்தவரிடம் சற்று இளகிய சுக்காதுரியோ போதும்.

விகுதியைச் சரியாகப் பிடித்துவிட்டு, முன்னால் வரும் பெயர்ச்சொல்லில் கோட்டை விடுபவர்கள் உண்டு. பிறந்தநாளுக்குப் பொதுச் சொல் செங்இல். பெரியவர்களின் பிறந்தநாள் செங்ஷின். பாட்டியிடம் 'செங்இல் சுக்காதுரிம்னிதா' என்றால் தலையில் செருப்பும் காலில் தலைப்பாகையும் அணிந்த கதை. 'செங்ஷின் சுக்காதுரியோ' என்பதே பொருத்தம். அதேபோல் 'நீங்கள்' என்று அகராதி தரும் தாங்ஷின் என்ற சொல்லை மேலாளரிடம் மறந்தும் பயன்படுத்தக் கூடாது. பதவிப் பெயரோடு 'நிம்' சேர்த்து விளிக்க வேண்டும். துறைத் தலைவருக்கான வாழ்த்து: 'பூஜாங்நிம், சுங்ஜின் சுக்காதுரிம்னிதா.' சுங்ஜின் என்பது பதவி உயர்வு. முன்னால் 'சின்ஷிமுரோ', அதாவது மனமார, என்று சேர்த்தால் இன்னும் நிறைவு.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் ஒரே ஒரு வடிவத்தை மனப்பாடம் செய்ய விரும்பினால், நான் சுக்காதுரிம்னிதாவைத்தான் சொல்வேன். அது மிகையாகிப்போனாலும் அவமதிப்பாகாது. ஆனால் கொரிய நண்பர் ஒருவர் தோளில் கைபோட்டுப் பேசும் அளவுக்கு நெருங்கியபின் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், கிண்டல் செய்கிறீர்களா, கோபத்தில் இருக்கிறீர்களா என்று கேட்பார். அவருக்குச் சுக்காஹே.

திருமண வீட்டில் மட்டும் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும். பண உறையின் மேல் 'சுக் கியோல்ஹோன்' என்று விகுதியே இல்லாமல் பெரும்பாலும் சீன எழுத்துகளில் அச்சிட்டிருக்கும். பின்புறம் இடது கீழ் மூலையில் உங்கள் பெயரை மேலிருந்து கீழாக எழுதி வரவேற்பு மேசையில் கொடுத்துவிடலாம்.