நடுவயதில் கைத்தொழிலுக்கு மாறும் பெற்றோர்: எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக் – ஓர் ஒப்பீடு

நாற்பதைத் தாண்டிய பிறகு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கைத்தொழில் ஒன்றைக் கற்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் வருமானத்தை வைத்தே தொழில்களை ஒப்பிடுகிறார்கள். கைதேர்ந்துவிட்டால் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் நான்கு தொழில்களிலும் கௌரவமாகக் குடும்பம் நடத்தலாம் என்பதால், அந்த ஒப்பீடு முடிவெடுக்க அதிகம் உதவுவதில்லை. பெற்றோராக இருப்பவர் எடைபோட வேண்டியவை வேறு இரண்டு என்று கருதுகிறேன். கற்கும் காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தத் தொழில் வீட்டிடமிருந்து எந்தெந்த நேரங்களை எடுத்துக்கொள்ளும் என்பது ஒன்று. ஐம்பத்தைந்து வயதில் முழங்காலும் தோளும் மறுக்கத் தொடங்கும்போது, கருவியைக் கீழே வைத்துவிட்டு அதே தொழிலுக்குள் தொடர்ந்து சம்பாதிக்க வழி இருக்கிறதா என்பது மற்றொன்று.

மின்பணியின் பெரிய குறை, கற்றுத் தேர ஆகும் காலம். முறையான உரிமம் கேட்கும் நாடுகளில் சில மாதப் படிப்பை வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. ஜெர்மனியில் இதற்கான தொழிற்பயிற்சி மூன்றரை ஆண்டுகள், அமெரிக்காவில் வழக்கமாக 4 முதல் 5 ஆண்டுகள். 42 வயதில் தொடங்குபவர் தன் பொறுப்பில் கையெழுத்திட்டு வேலையை ஒப்படைக்கும்போது அவருக்கு 46 அல்லது 47 வயது ஆகியிருக்கும், அதுவரை பயிற்சியாளர் சம்பளம்தான் வரும் என்பதால், வாழ்க்கைத்துணையின் வருமானமோ போதிய சேமிப்போ இல்லாத வீடு இதைத் தாங்குவது கடினம். ஆனால் இந்த நீண்ட காலத்துக்குள் பெற்றோருக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. படிப்பில் கணிசமான பகுதி ஏட்டில் கற்க வேண்டியது. ஓமின் விதி, சுமைக்கேற்ற கேபிள் தடிமனைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு, எர்த்திங் முறைகள், 30 மில்லிஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவி ஏன் அந்த அளவில் வைக்கப்படுகிறது என்பன போன்றவற்றைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டு மேசையில் உட்கார்ந்து படிக்க முடியும். வேலையின் பெரும்பகுதி பகல் நேரத்தில், முன்கூட்டியே நாள் குறித்து நடப்பது என்பதும் சிறிய விஷயமில்லை.

இந்தத் தொழில் எப்படிப்பட்ட மனிதரைக் கேட்கிறது என்பதை, கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யும் சோதனையிலேயே பார்க்கலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணைப்பைத் துண்டித்து, வேறு யாரும் தெரியாமல் மீண்டும் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டு, சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்ய வேண்டிய கம்பிகளில் பார்த்து, கடைசியாக மறுபடியும் முதல் இடத்துக்கே வந்து கருவி இன்னும் சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். நடுவில் கருவி பழுதாகியிருந்தால், மின்சாரம் இல்லை என்று அது காட்டியதை நம்பிக் கை வைத்தவரின் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு முறையும் சலிக்காமல் இதைச் செய்யும் பொறுமை, தன்னை நம்பி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைவோடு வேலைக்கு வருபவரிடம் கூடுதலாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டே துளையிடுவதும் கம்பி இழுப்பதும் தோள்மூட்டைப் பதம்பார்க்கும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உள்ளவர்களுக்குக் கம்பிகளின் நிறக்குறியீடே சிக்கலாகும் என்பதால், பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இவற்றைத் தாண்டிவிட்டால், பிற்காலத்துக்கான வழிகள் இந்தத் தொழிலில்தான் அதிகம். ஆய்வும் சோதனையும், கட்டுப்பாட்டுப் பேனல் வடிவமைப்பு, தொழிற்சாலைத் தானியங்கி அமைப்புகளின் பராமரிப்பு, சூரிய மின்தகடு அமைப்புகளுக்கான திட்டமிடல் எல்லாம் ஏணியில் ஏறும் நேரம் குறைந்து மூளை உழைக்கும் நேரம் கூடும் வேலைகள்.

பிளம்பிங் இதற்கு நேர் எதிர். உரிமம் கட்டாயமாக இருக்கும் இடங்களில் இதற்கும் பல ஆண்டுகள் ஆகும் என்றாலும், கட்டுப்பாடு தளர்வாக இருக்கும் இடங்களில் நான்கு தொழில்களுள் மிக விரைவாகச் சொந்தக் காலில் நிற்க இடம் கொடுப்பது இதுதான். குழாய் மாற்றுவதும் அடைப்பு எடுப்பதும் ஒழுகலை நிறுத்துவதும் தினசரித் தேவைகள், வாடிக்கையாளர் வாய்மொழியாகவே அடுத்த வாடிக்கையாளர் வருவார். எளிதான தொழில் என்று இதைக் குறைத்துப் பேசுபவர்கள் கழிவுக் குழாயின் சரிவைக் கவனித்திருக்க மாட்டார்கள். 100 மில்லிமீட்டர் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சரிவு என்பது பழைய வழக்கம். சரிவு போதாமல் போனால் நீர் வேகமிழந்து கழிவு குழாயிலேயே தங்கிவிடும். வளைகுழாயில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. காற்றுக் குழாயைத் தவறாக அமைத்தால் அந்த நீரே உறிஞ்சப்பட்டு வீடு நாறும். கற்க வேண்டியது நிறையவே இருக்கிறது.

பெற்றோருக்கு இங்கே தடையாக வருவது நேரம். குழாய் உடைவது நாள் பார்த்து உடைவதில்லை. இரவிலும் விடுமுறையிலும் வரும் அழைப்புகளுக்குக் கூடுதல் கூலி கிடைக்கும், புதிதாகத் தொழில் தொடங்கியவரால் அவற்றை மறுக்கவும் முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரவு அழைப்புக்குப் புறப்படுவது என்பது இன்னொருவரின் தூக்கத்தையும் சேர்த்து விற்பதுதான். முழங்கால் மடக்கி, குனிந்து, சின்னச் சின்ன இடுக்குகளில் உடலை நுழைத்துச் செய்யும் வேலை என்பதால், ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிற்காலத்தில் ஒப்பந்தக்காரராகவும் மதிப்பீடு போடுபவராகவும் மாறலாம். அதற்கு, தனக்குக் கீழே வேலை செய்ய ஆட்கள் வேண்டும்.

வெல்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறுகிய காலப் படிப்பு என்ற ஈர்ப்பில் நடுவயதில் இதை நோக்கி வருபவர்கள் பலர். அடிப்படைப் பயிற்சி சில மாதங்களில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாதங்களில் தினமும் பல மணி நேரம் முகக்கவசத்துக்குள் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மாலை வகுப்பில் இதைக் கற்க முடியாது. எலக்ட்ரோடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள இடைவெளி ஏறக்குறைய எலக்ட்ரோடின் தடிமன் அளவே இருக்க வேண்டும். எலக்ட்ரோடு எரிந்து குறைந்துகொண்டே வருவதால் கை கண்ணுக்குப் புலப்படாத அளவு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதே நேரத்தில் பக்கவாட்டிலும் நகர வேண்டும். இடைவெளி கூடினால் தீப்பொறி சிதறும்; குறைந்தால் எலக்ட்ரோடு ஒட்டிக்கொள்ளும். பழகியவர்கள் இதைப் பாதி காதால்தான் செய்கிறார்கள்: சரியான இடைவெளியில் அது எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல் ஒரே சீராகச் சத்தமிடும்.

நாற்பதுகளில் வரும் வெள்ளெழுத்து இங்கே நேரடியாகக் குறுக்கிடுகிறது. உருகிய உலோகக் குட்டையின் விளிம்பைப் பார்க்க முடியாதவரால் நல்ல வெல்டு போட முடியாது. பயிற்சியில் பின்தங்கும் நடுவயதினர் பலர் தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் குறை கண்ணில் இருக்கக்கூடும். முகக்கவசத்துக்குள் பொருத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று அதைச் சரிசெய்துவிடும். வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்த்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் விழுந்த உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கும்.

புகை இன்னும் கவலைக்குரியது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. துருப்பிடிக்காத எஃகை வெல்டு செய்யும்போது ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சும், துத்தநாகம் பூசிய இரும்பில் அன்றிரவே குளிர்காய்ச்சலை வரவழைக்கும் துத்தநாகப் புகையும் எழும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி உடையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், வேலையிடத்திலேயே உடை மாற்றிக் கைகால் முகம் கழுவிவிட்டு வருவதையும், வேலை உடையைக் குழந்தையின் துணிகளோடு சேர்க்காமல் துவைப்பதையும் முதல் நாளிலிருந்தே கட்டாய வழக்கமாக்க வேண்டும். புகையை உறிஞ்சும் வசதி இல்லாத பட்டறையில் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் சேர வேண்டாம்.

இன்னொரு விவரத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். உயர் கூலி தரும் குழாய், அழுத்தக்கலன் வேலைகளுக்கு வெல்டர் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். ஐஎஸ்ஓ 9606-1 தரநிலைப்படி, சான்றிதழ் பெற்ற வெல்டிங் முறையில் அவர் தொடர்ந்து வேலை செய்துவருகிறார் என்பதை 6 மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்தாக வேண்டும். குடும்பக் காரணத்துக்காக நீண்ட இடைவெளி எடுத்துக்கொண்டால் தேர்வை மறுபடி எழுத நேரலாம். பிற்காலத்துக்கு வெல்டிங் ஆய்வாளர் பணி இருக்கிறது, அது நல்ல வழி. ஆனால் அதற்கான படிப்பைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

ஏசி, குளிர்பதனப் பணியை எடுத்துக்கொண்டால், மின்சாரமும் குழாய் வேலையும் வெப்ப இயக்கவியலும் ஒன்றாகச் சேர்ந்த தொழில் இது. கற்கும் ஆர்வம் உள்ளவருக்கு நான்கில் மிகச் சுவையானது என்றுகூடச் சொல்வேன். செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே மெதுவாக நைட்ரஜன் ஓடவிடாவிட்டால் உட்சுவரில் கரிய ஆக்சைடு படியும், அது உதிர்ந்து நுண்ணிய துவாரங்களை அடைக்கும். கேஸ் நிரப்புவதற்கு முன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து வெளியேற்றி, வெற்றிடம் 500 மைக்ரானுக்குக் (இங்கே இது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமலே ஓடும் இயந்திரங்கள் ஏராளம், சீக்கிரமே நிற்கும் இயந்திரங்களும் அவைதான். கற்றது பழசாகிக்கொண்டே இருப்பதும் இத்தொழிலின் இயல்பு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையால் ஆர்-22 என்ற குளிர்பதன வாயு வழக்கொழிந்து வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ புவி வெப்பமாதலுக்குக் காரணமாவதால், அத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலி திருத்தம் வந்தது. இப்போது பரவியிருக்கும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது, ஆர்-290 என்பது புரொப்பேனேதான். தீப்பற்றும் வாயுவைக் கையாள முறையாகப் பயின்றவருக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகும், பழைய பழக்கத்திலேயே ஊறிப்போன மூத்த மெக்கானிக்கோடு புதிதாக வருபவர் சமமாக நிற்கும் வாய்ப்பும் இங்குதான் உண்டு.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. வேலை குவிவது கோடையில். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறையும் பல இடங்களில் அப்போதுதான். வெளி யூனிட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவது இருவர் வேலை, தனியாளாகச் செய்யத் துணிபவரின் முதுகு நீண்ட நாள் நிற்காது. வெற்றிடப் பம்ப், கேஜ் தொகுதி, வாயு மீட்பு இயந்திரம், பற்றவைக்கும் கருவி, எடைக்கருவி, கசிவு கண்டறியும் கருவி என்று சொந்தமாகத் தொடங்க ஆகும் முதலீடும் நான்கில் இதற்கே அதிகம். பிற்காலத்தில் குளிர்பதனக் கிடங்குகள், பெரிய கட்டிடங்களின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஆகியவற்றுக்கு நகர்ந்தால் கோடைச் சுமை ஆண்டு முழுக்கப் பரவிவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கும் பெற்றோருக்கு மின்பணியையே முதலில் வைப்பேன். நீண்ட காத்திருப்பை அது பிற்காலத்தில் ஈடுசெய்துவிடும். அந்த இரண்டாவது வருமானம் சில மாதங்களுக்கு மேல் தாங்காது என்றால், ஏசி பணியில் நிறுவனத்தின் சம்பளத்துக்குச் சேர்ந்து கற்பது அடுத்த தெரிவு. பிளம்பிங், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்ட வீட்டுக்குப் பொருந்தும். முழுநேரப் பயிற்சி நிலையமா, ஒரு மேஸ்திரியிடம் உதவியாளராகச் சேர்வதா என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை கிடைக்கிறது. வெல்டிங்கை நிலையத்தில் முழுநேரமாகக் கற்பதே மேல். மின்பணிக்கு மாலை வகுப்பும் பகலில் உதவியாளர் வேலையும் சேர்ந்த வழி நன்றாக அமையும். இருக்கிற வேலையை விடுவதற்கு முன், வார இறுதிகளில் கூலி எதிர்பாராமல் ஒருவரோடு வேலைக்குப் போய்ப் பார்ப்பது எல்லாருக்கும் நல்லது. அப்போது கவனிக்க வேண்டியது தன்னைவிட இருபது வயது இளையவர் ஏவும்போது தனக்கு எப்படி இருக்கிறது என்பதையும், மறுநாள் காலையில் உடல் எப்படி எழுகிறது என்பதையும்தான்.

துணையின்றித் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றுவேன். அவருக்குப் பயிற்சி விரைவில் முடிய வேண்டும், வேலைநேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும், இரவு அழைப்பு வரக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது, புகை உறிஞ்சும் வசதியும் பகல் ஷிப்டும் உள்ள தொழிற்சாலையில் வெல்டராகச் சேரும்போதுதான்.