களைத்த கால், தெளிந்த கால்: டிசம்பர் அரை மராத்தானை எப்படி ஓடுவது?

ஜனவரி மூன்றாவது ஞாயிறு என்றால் மும்பை மராத்தான், 42 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கு ஐந்தாறு வாரம் முன்னால், டிசம்பரில், மும்பைக்கு வடக்கே வசாய் விராரிலோ நகருக்குள்ளோ 21 கிலோமீட்டர் அரை மராத்தான் ஒன்று எல்லோருடைய அட்டவணையிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பயிற்சி உச்சத்தில் இருப்பதும் அதே வாரங்களில்தான். வாரத்துக்கு 60, 70 கிலோமீட்டர். ஞாயிறு தவறாமல் 28, 30, 32 என்று நெடுந்தூர ஓட்டம். அப்படி அடிபட்ட காலோடு பந்தயத்தில் போய் நிற்கலாமா? மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் ஓட்டம் முடித்து, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காப்பிக்கு நடக்கையில் நம்மவர்களிடையே தீராத வழக்கு இது. இதில் மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி: ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறை, கால் தெளிந்ததும் முழு வேகத்தில் ஓடு. இரண்டாவது: எதையும் குறைக்காதே, களைத்த காலோடே முழு வேகத்தில் ஓடு, மராத்தானில் 32 கிலோமீட்டருக்கு மேல் கால் அப்படித்தானே இருக்கும்? மூன்றாவது: களைத்த காலோடு போ, ஆனால் யாரோடும் போட்டி போடாதே, மராத்தானுக்கு வைத்திருக்கும் வேகத்திலேயே 21 கிலோமீட்டரை முடித்து, முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்து அன்றைய நெடுந்தூர ஓட்டமாக்கிக்கொள்.

இரண்டாவது கட்சியில்தான் கூட்டம் அதிகம். எனக்கு உடன்பாடு குறைவும் அதில்தான். அவர்கள் சாட்சிக்கு அழைப்பது அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஹான்ஸன் சகோதரர்களின் பயிற்சி முறையை. அதில் மிக நீண்ட ஓட்டமே பெரும்பாலும் 26 கிலோமீட்டர்தான். வாரம் முழுக்கச் சேர்ந்த களைப்போடு அதை ஓடுவதால், மராத்தானின் கடைசி 26 கிலோமீட்டருக்கு உடம்பு பழகும் என்பது அந்தச் சகோதரர்களின் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் அந்த ஓட்டத்தை அவர்கள் ஓடச் சொல்வது அடங்கிய வேகத்தில். நம்மவர்கள் களைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அடக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி கெடக் கூடாது என்றுதான் இவர்கள் ஓய்வெடுக்க மறுக்கிறார்கள். கெடுவது பந்தயத்துக்குப் பிறகு. தசையில் தீர்ந்துபோன கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை ஓரிரு நாள் நன்றாகச் சோறு சாப்பிட்டால் நிரப்பிவிடலாம். தசையிழைகளில் விழுந்த நுண்ணிய சேதம் ஆறப் பல நாள் பிடிக்கும். திங்கட்கிழமை காலை தாதர் ரயில் நிலையப் பாலத்தில் பாருங்கள்: கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறவர் முந்தின நாள் பந்தயம் ஓடியவராக இருப்பார். பின்னால் வரும் கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டே தாண்டிப்போகும். அந்த வாரம் செவ்வாய், வியாழன் வேகப் பயிற்சி இரண்டும் போயின. முன்கூட்டியே ஒரு வாரம் குறைத்திருந்தால் இழப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். கையில் நம்பத்தக்க நேரமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த நேரம்தான் முக்கியம். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளரின் சூத்திரப்படி, அரை மராத்தான் நேரத்தைச் சுமார் 2.085 ஆல் பெருக்கினால் முழு மராத்தான் நேரம் கிடைக்கும். தெளிந்த காலோடு 2 மணி நேரத்தில் முடித்தவருக்கு 4 மணி 10 நிமிடம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 விநாடி. அவரே களைப்போடு ஓடி 2:05 எடுத்தால், சூத்திரம் ஏறக்குறைய 4:20 என்கிறது. கிலோமீட்டருக்கு 15 விநாடி வித்தியாசம். வாரத்தில் குறைவாக ஓடுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரமே கொஞ்சம் தாராளமானது என்பது வேறு. இதைவிட ஆபத்து, “ஓய்வெடுத்திருந்தால் 1:55 வந்திருக்கும்” என்று மனக்கணக்கில் பத்து நிமிடம் தள்ளுபடி கொடுப்பது. அந்தத் தள்ளுபடியை நம்பிக் கிளம்பியவரிடம், மும்பை மராத்தானில் திரும்பி வரும்போது குறுக்கிடும் பெடர் ரோடு ஏற்றம் வட்டியோடு வசூலித்துவிடும்.

முதல் கட்சியின் குறை, ஒரு நெடுந்தூர ஓட்டம் கைவிட்டுப்போவது. ஐந்தாறு வாரம் இருக்கும்போது அது பெரிய நஷ்டமில்லை. மூன்று வாரத்துக்குள் என்றால் நான் ஓடச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழியில் கிடைப்பது ஒத்திகை. விடியுமுன் சாப்பிட்ட இரண்டு இட்லி வயிற்றில் நிற்கிறதா, ஓட்டத்தின் நடுவே சக்திக்காக விழுங்கும் இனிப்புக் கூழான ஜெல்லை எந்தக் கிலோமீட்டரில் எடுப்பது, புதுக் காலணி எங்கே கடிக்கிறது என்றெல்லாம் தெரிந்துவிடும். கடினம் மனத்துக்குத்தான். செம்பூரிலிருந்து வரும் தம்பி ஒருவர் சென்ற பருவத்தில் என்னிடம் சொன்னார்: “பயிற்சி ஓட்டம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன் அண்ணா. நான்காவது கிலோமீட்டரில் எங்கள் மேலாளர் என்னைத் தாண்டிப்போனார்.” மீதியை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். களைத்த காலோடு ஓடினாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். நேரத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜனவரிக்கு முன் ஒரே ஒரு அரை மராத்தான்தான் என்றால் என் ஓட்டு முதல் கட்சிக்கு. முன்பே ஒன்றைத் தெளிந்த காலோடு ஓடிவிட்டவர்களுக்கு மூன்றாவது. அக்டோபர் வெயிலில் ஓடியதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் புழுக்கத்தில் வந்த நேரம் எதற்கும் அளவாகாது. மூன்றாவது வழியில் போகிறவர்கள், தங்களுக்குரிய வரிசைக்கு ஒரு வரிசை பின்னால் நின்று கிளம்புவது நல்லது. முன்வரிசையில் நின்றால் முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.