ஹாலிடே கிளப் 'இலவச டின்னர்': சாப்பாடு சுமார், கைதட்டல் பலம்

பெட்ரோல் பங்க்கிலோ பொருட்காட்சியிலோ கூப்பன் எழுதிப் போட்ட சில நாளில் போன் வரும். "சார், லக்கி டிராவுல உங்க பேர் விழுந்திருக்கு. மேடத்தையும் கூட்டிட்டு வாங்க, ஒரு மணி நேரம்தான்." வருடா வருடம் சில இரவு விடுதியில் தங்க, பல வருடத்துக்குச் சேர்த்து மெம்பர்ஷிப் விற்கும் கூட்டம் இது. கம்பெனி எதுவானாலும் அச்சு பெரும்பாலும் ஒன்றே. ஒரு மணி நேரம் மூன்றாக நீளும். பஃபேயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாலைப் பாருங்கள்.

டேபிள்கள் நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கும், பாட்டு தூக்கலாக ஓடும். கணவனும் மனைவியும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. இருவரும் வந்தே தீர வேண்டும் என்பதே "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவும் வழியை அடைக்கத்தான். நடுநடுவே மைக்கில் "டேபிள் நம்பர் ஏழுக்கு வாழ்த்துகள்!", உடனே கைதட்டல். ஏழாம் டேபிள்காரர்கள் நிஜமாகவே பணம் கட்டினார்களா, தெரிய வழியில்லை. வேண்டாமென்றவர்கள் வந்ததற்குப் பரிசான இலவசத் தங்கல் வவுச்சரை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போயிருப்பார்கள். சரி என்றவர்களுக்கு மட்டும்தான் சத்தம். கேட்பவருக்கு ஊரே சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பிறகு விலை. விற்பனையாளர் வெள்ளைத் தாளில் ஒரு தொகை எழுதி, அடித்து, குறைத்து, "இன்னைக்கு மட்டும்" என்பார். தயங்கினால் மேனேஜர் வந்து உட்காருவார், அப்புறம் இ.எம்.ஐ. பேச இன்னொருவர். ஆக மூன்று பேர். இந்த மூன்று என்ற எண் சும்மா இல்லை. 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை நடத்தினார்: எந்தக் கோடு இன்னொன்றின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், கூட இருந்தவர்களோ வேண்டுமென்றே தவறாகச் சொல்ல ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். தவறான விடையை ஒருவர் மட்டும் சொன்னபோது சோதிக்கப்பட்டவர் அநேகமாக அசையவில்லை. மூன்று பேர் சொன்னதும் அழுத்தம் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டது. ஆனால் தன் பக்கம் ஒரே ஒருவர் இருந்தாலும், கும்பலோடு சாய்வது கால் பங்காகச் சுருங்கியது.

அந்த ஒருவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். கிளம்பும் முன் இருவரும் ஒரே வாக்கியத்தை முடிவு செய்யுங்கள்: "இன்னைக்குக் கையெழுத்து இல்லை." காரணம் சொல்லாதீர்கள், சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் மனப்பாடமாய் ஒரு பதில் இருக்கும். கிரெடிட் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

கணக்கை வீட்டில் போடுங்கள். உதாரணமாக மெம்பர்ஷிப் 3 லட்சம், 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு: வருடத்துக்கு 12,000. பராமரிப்புக் கட்டணம் 15,000 என்று வைத்தால் மொத்தம் 27,000. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 3,860 ரூபாய். வட்டியும் சாப்பாடும் தனி. போகாத வருடமும் பராமரிப்புக் கட்டணம் கட்டணுமா, அது எவ்வளவு ஏறும், பள்ளி விடுமுறையில் அறை உண்டா என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். வாயால் சொன்னது செல்லாது என்று அதிலேயே ஒரு வரி இருக்கலாம்.

வவுச்சரும் அப்படித்தான்: தங்குவது இலவசம், 'சர்வீஸ் சார்ஜ்' தனி, பண்டிகை நாட்கள் கிடையாது.

மதிப்பெண் 5க்கு 1, அதுவும் பாயசத்துக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் ரத்து செய்யும் கெடு எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் பார்த்து, இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.