வெட்டவெளிக்கு எது தாங்கும்: தேக்கா, டபிள்யூ.பி.சி.யா?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இப்போது மரவாடிக்கு முன்னால் பிளைவுட் கடைக்குத்தான் போகிறார்கள், டபிள்யூ.பி.சி. (வுட் பிளாஸ்டிக் காம்போசிட்) என்ற, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைத் தேடி. "தண்ணி படலாம், கரையான் வராது, பெயின்டே வேண்டாம்" என்பது கடைக்காரர் வசனம். குளியலறைக் கதவுக்கு அது பெரும்பாலும் சரி. மொட்டை மாடிக்கும் கொல்லைப்புறத்துக்கும் அப்படியே நம்ப முடியாது.

டபிள்யூ.பி.சி. என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. கதவும் நிலையும் பி.வி.சி.யில் மரத்தூள் கலந்து, நுரைக்கவைத்துச் செய்தவை. மாடித் தரைக்கும் வெளி பெஞ்சுக்கும் வரும் பலகை பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்தது. அதில் பாதிக்கு மேல்கூட மரத்தூள் இருக்கும்.

சிக்கலே அந்தத் தூளில்தான். கத்திரி வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தூளிலுள்ள லிக்னினை, அதாவது மர நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருளை, சிதைக்கும். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கித் தூள் ஊறி உப்பும். மழை ஓய்ந்ததும் சுருங்கும். இப்படியே மாறி மாறி நடந்தால் தூளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள பிடி விட்டுப்போகிறது. பலகையைத் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். நிறம் வெளுப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிடி விடுவதுதான் வலுவைக் குறைக்கும்.

மக்கவே மக்காது என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் போட்ட இத்தகைய நடைபாதைப் பலகையில் பூஞ்சை பிடித்ததை 1998-இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

தேக்கும் வெயிலில் சாம்பல் பூக்கும். ஆனால் அது மேலோடு நின்றுவிடும். ஆசாரி இழைத்து எண்ணெய் பூசினால் பழைய நிறம் திரும்பும். வைரம் பாய்ந்த கட்டையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பகுதி கலந்த தேக்கைக் கரையான் விடாது. விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெயிலில் அதிகம் நீளாமல் நிற்பதிலும் தேக்குதான் மேல். 3 மீட்டர் பாலிஎத்திலீன் பலகை, 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டர் வரைகூட நீளும். இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தால் நடுவில் தூக்கிக்கொள்ளும். பி.வி.சி. கதவு வேறு மாதிரி: மேற்குப் பார்த்த வாசலில் அடர்நிறக் கதவு போட்டால் சூட்டில் வளையும்.

நாகை, வேதாரண்யம் உப்புக்காற்று இரண்டு பலகையையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. துருப்பிடிப்பது கீலும் திருகும்தான்; அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

என்னைக் கேட்டால் குளியலறைக்கும் நிழலான கொல்லைக் கதவுக்கும் டபிள்யூ.பி.சி., தலைவாசலுக்குத் தேக்கு. மாடியில் போட்டே ஆகவேண்டும் என்றால் மேலே தனியாகப் பிளாஸ்டிக் உறை போர்த்திய பலகை மட்டும். கடையில் வெட்டுமுனையைத் திருப்பிப் பாருங்கள்: ஓரத்தைச் சுற்றி மெல்லிய படலம் வேறு நிறத்தில் தெரியும். வீட்டில் அறுக்கும் இடத்தில் அந்த உறை இருக்காது என்பதால், அந்த முனை தண்ணீர் தேங்காத பக்கம் வரும்படி பொருத்தச் சொல்லுங்கள்.