ஏற்காடு டவுன்ஹில் பந்தயம்: 350 ரூபாய் டிக்கெட், முழங்கால் உயர டேப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பந்தயம் அருமை. ஓட்டியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. பார்க்க வந்தவர்களை எங்கே நிற்க வைத்தார்கள் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. நடத்தியவர்கள் பெயரை இங்கே போடப்போவதில்லை. முதல் முறையாக நடத்துகிறார்கள், அப்புறம் போனில் கூப்பிட்டபோது மரியாதையாகத்தான் பேசினார்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குள் நடந்த டவுன்ஹில் சைக்கிள் பந்தயம் என்ற அளவில் போதும்.

டிக்கெட் 350 ரூபாய். அதற்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் பட்டை, கேட்டிலிருந்து மேலே போய்த் திரும்ப ஜீப், ஒரு டீ, ஒரு தட்டுவடை செட். செட்டுக்கு பீட்ரூட்டும் காரட்டும் கண் முன்னாலேயே சீவிப் போட்டார்கள், சேலத்தில் தள்ளுவண்டியில் நின்று தின்பதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. பார்க்கிங் தனியாக 50 ரூபாய். நானும் என் அக்கா பையனும் அஸ்தம்பட்டியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏழரைக்கெல்லாம் கேட்டில் நின்றோம். இந்த விளையாட்டுப் பைத்தியம் அவனுக்குத்தான், ராத்திரி கண்விழித்து உலகக் கோப்பைப் பந்தயங்களை போனில் பார்ப்பவன். எனக்கு சைக்கிள் என்றால் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துப் போன ஹெர்குலிஸ் வரைக்கும்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டவுன்ஹில் என்றால் மலை உச்சியிலிருந்து அடிவரைக்கும் வேர், பாறை, பள்ளம் எல்லாவற்றின் மேலும் ஒவ்வொருவராக இறங்க வேண்டும், கடிகாரத்தோடுதான் போட்டி. யூ.சி.ஐ. என்கிற உலக சைக்கிள் சங்கத்தின் விதிப்படி முழுப் பாதையும் 2 நிமிடத்திலிருந்து 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், முகத்தையும் மூடுகிற ஹெல்மெட் கட்டாயம். 1993-லிருந்து இதற்கு உலகக் கோப்பை நடக்கிறது. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற இடத்தில் சுமார் 2.8 கி.மீ. தூரத்தில் 555 மீட்டர் இறங்குகிறார்கள். நம் மலைப் பாதையில் அந்த அளவு இறக்கத்துக்கு பஸ் எத்தனை வளைவு சுற்ற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஜீப்பில் ஏறும்போதே பையன் கதை அளக்க ஆரம்பித்துவிட்டான். 2015-ல் ஆஸ்திரியாவில் ஆரன் க்வின் என்ற அமெரிக்கர் கிளம்பின உடனே செயின் அறுந்துபோய், மிதிக்கவே முடியாமல் வெறும் உருளலிலேயே இறங்கி முதலில் வந்தாராம். ஜீப் டிரைவர் நம்பவில்லை. செயின் இல்லாமல் எப்படி தம்பி என்று மேலே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாதை நெடுக சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் டேப் கட்டியிருந்தார்கள். எதில்? காபிச் செடியில். இழுத்தால் செடியே கூட வரும். உயரம் என் முழங்கால். ஒரே வரிசை, அதைத் தொட்டுக்கொண்டு ஜனம். டிவியில் காட்டும் பெரிய பந்தயங்களில் இரண்டு வரிசை டேப் இருக்கும் என்றான் பையன். ஒன்று சக்கரம் போகிற பாதைக்கு, இன்னொன்று அதிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நமக்கு. நடுவில் கிடக்கிற வெற்றிடம்தான் விழுகிறவருக்கும் நமக்கும் இடையில் உள்ள ஒரே பாதுகாப்பு. இன்னும் மோசமான இடங்களில் வலை, மரத்தைச் சுற்றி மெத்தை. இங்கேயும் ஒரு மெத்தை இருந்தது, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். நாலாவது வளைவில் பாதையை ஒட்டி நின்ற சில்வர் ஓக் மரத்தில், யார் வீட்டுக் கட்டிலிலிருந்தோ எடுத்த பூப்போட்ட இலவம்பஞ்சு மெத்தையைச் சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அதில் மூன்று இடத்தில் சேறு அப்பியிருந்தது, அப்படியென்றால் மூன்று பேருடைய தோள்பட்டை அன்றைக்குத் தப்பித்தது. ஆனால் மெத்தை அந்த ஒரு மரத்துக்குத்தான்.

எனக்குக் கோபம் வந்த இடம் ஐந்தாவது வளைவு. 'போட்டோ பாயிண்ட்' என்று போர்டு வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, டிக்கெட் வாங்கினவர்களை அங்கே உட்காரச் சொன்னார்கள். நானும் நல்ல இடம் என்று நினைத்து உட்காரப் போனேன். பையன் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, அங்க உக்காராதீங்க. ஏற்காடு பஸ் வளைவுல திரும்பறப்ப நாம எந்தப் பக்கம் சாயறோம்?"

"வெளிப் பக்கம்."

"வழுக்கினா பைக்கும் அந்தப் பக்கம்தான் வரும். நாற்காலி எங்க போட்டிருக்காங்க பாருங்க."

வளைவின் வெளிப்புறத்தில், சரியாக பைக் வந்து விழக்கூடிய நேர்க்கோட்டில். அங்கிருந்து போட்டோ நன்றாக விழும்தான், வருகிறவர் முகம் நேராகத் தெரியும், மறுக்கவில்லை. நாங்கள் உள்வளைவுக்குப் போய், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றோம். அங்கிருந்து பார்த்தால் முதுகுதான் தெரிகிறது, ஆனால் எந்த இடத்தில் பிரேக்கை விடுகிறார்கள், எங்கே உடம்பைச் சாய்க்கிறார்கள் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. உண்மையில் அதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒன்பதரை மணி இருக்கும். முதல் நாள் ராத்திரி தூறல், செம்மண் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. எங்கோ வெளியூரிலிருந்து வந்த பையன் ஒருவன், கொஞ்சம் வேகமாகவே வந்தான், முன் சக்கரம் வாரிவிட்டது. அவன் பாதையிலேயே விழுந்து உருண்டான். பைக் மட்டும் தனியாக எழும்பி, டேப்பையும் அது கட்டியிருந்த இரண்டு காபிச் செடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசை நாற்காலியில் மோதியது. நாற்காலிக்கு ஒரு கால் போச்சு. அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் டீ வாங்க எழுந்து போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையில் கப்போடு திரும்பி வந்தவர், கொஞ்ச நேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் டீயைக் குடித்தார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறக்கத்தில் இவர்கள் மணிக்கு 60 கி.மீ.யைத் தொடுகிற இடங்கள் உண்டு. 60 கி.மீ. என்றால் வினாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல். செடி மறைப்பைத் தாண்டி ஆள் கண்ணில் படுகிற தூரமே அங்கே இருபது, இருபத்தைந்து மீட்டர்தான். அந்த வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து வேகம் பாதியாகிவிட்டது என்றே வைத்தாலும் நம்மிடம் இருப்பது மூன்று வினாடி. போனை நிமிர்த்திப் பிடிக்கவே அது சரியாகிவிடும். பைக் மட்டுமே பதினைந்து, பதினாறு கிலோ. ஒரு அரிசிச் சிப்பத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்குக்கு ஹேண்டில்பாரும் பெடலும் முளைத்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வளைவில் வாலண்டியர் இல்லாமல் இல்லை. இருந்தார், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய பந்தயங்களில் வளைவில் நிற்கிற மார்ஷலின் முதல் வேலையே, ஆள் வருகிறார் என்று விசில் அடித்து ஜனத்தை விலக்குவது. சிவப்புக் கொடி வைத்திருப்பவர்கள், மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று பக்கத்துக் கொடிக்காரர்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கீழே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் கொடி ஒவ்வொன்றாக மேலே ஏறி, அடுத்து வருகிறவர் நின்றுவிடுவார். இங்கே ஐந்தில் நின்றவருக்கு ஆறாவது வளைவு தெரியாது, வாக்கிடாக்கி ஏற்பாட்டாளர்கள் இரண்டு பேர் இடுப்பில் மட்டும். விழுந்த பையன் எழுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். நல்லவேளை, அந்த ஓட்டுநர் கண்ணுள்ளவர், ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார்.

இதற்கு நேர் எதிர் ஏழாவது வளைவு. மத்தியானம் அங்கேதான் போய் நின்றோம். பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண், கல்லூரியில் முதல் வருடம் இருக்கலாம், கழுத்தில் விசில். மேலே மரத்தில் குருவி சத்தம் நின்றதுமே காதைத் தீட்டிக்கொள்வாள். பின்சக்கரத்தின் 'டர்ர்ர்' சத்தம் கேட்டதும் ஒரே ஊது. அவளை மீறி யாரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, எஸ்டேட் நாய் உட்பட. ஒரு சின்னப் பையனிடம் தட்டுவடையைக் கொடுத்து, நாயைப் பிடித்துக்கொள் என்று உட்கார வைத்துவிட்டாள். பஜ்ஜிக் கடை பாதைக்கு அந்தப் பக்கம், ஜனம் இந்தப் பக்கம், மிளகாய் பஜ்ஜிக்காக நாள் முழுக்கப் பாதையைக் குறுக்கே தாண்டிக்கொண்டே இருந்தார்கள். கடையை மாற்றியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவள் என்ன செய்தாள் என்றால், ஒருவர் போனதும் டேப்பைத் தூக்கிப் பத்துப் பேரை அனுப்பி, உடனே இறக்கிவிடுவாள். பெரிய பந்தயங்களில் பழகின மார்ஷல் செய்யும் வேலை அது. யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரித் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்திருந்தது, கேட்டுக்கு வெளியே. அங்கிருந்து நடுப் பாதைக்குப் போகிற ஒரே மண் ரோட்டில்தான் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு கார்களை இரண்டு பக்கமும் நிறுத்த விட்டிருந்தார்கள். மணிக்கட்டு வீங்கின பையனை நாலு பேர் நடத்திக் கூட்டிப்போனார்கள், அவனுக்கு அது போதும். முதுகில் அடி என்றால் என்ன செய்திருப்பார்கள்? 2019-ல் கனடாவில் உலக சாம்பியன்ஷிப் பயிற்சியில் நியூசிலாந்துக்காரர் ப்ரூக் மெக்டொனால்ட் விழுந்து முதுகெலும்பு முறிந்து, ஹெலிகாப்டர் வர மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார். பிறகு தேறி மறுபடி பந்தயத்துக்கே வந்துவிட்டார், அது வேறு கதை. அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே அப்படி. இங்கே சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் முதலில் பார்க்கிங்கைத் தாண்ட வேண்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஜீப் சொன்ன நேரத்துக்கு வந்தது. கழிப்பறையில் தண்ணீர் இருந்தது. தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவரைக் கடைசியில் இறக்கும் முறையை அப்படியே பின்பற்றினார்கள், அதனால் கடைசி அரைமணி நேரம் யாரும் பஜ்ஜிப் பக்கமே போகவில்லை. இதுவரை முதலிடத்தில் இருப்பவர் உட்கார 'ஹாட் சீட்' என்று ஒரு நாற்காலி, அதற்கு ஒரு சரிகை வேட்டி போர்த்தியிருந்தார்கள். மைக்கில் பேசியவர் சுத்தமான சேலத்துக்காரர், "வர்றான் வர்றான், வேரு மேல ஏறிட்டான், அய்யோ, தப்பிச்சுட்டான்ங்க" என்று ஜல்லிக்கட்டு வர்ணனை மாதிரி ஓட்டினார். ஐரோப்பாவில் ரசிகர்கள் மாட்டு மணியை ஆட்டுவார்களாம், மரம் அறுக்கிற மெஷினைச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வெறும் சத்தத்துக்காக உறும விடுவார்களாம். மணிக்கு நமக்குப் பஞ்சமில்லை. மெஷினையும் ஒருவர் எஸ்டேட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார், சங்கிலியோடு! பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அவரை விரட்டின விரட்டு இருக்கிறதே, அன்றைய பந்தயத்திலேயே அதுதான் வேகமான இறக்கம்.

அடுத்த முறை போகிறவர்கள் உள்வளைவில், பாதையைவிட மேட்டில் நில்லுங்கள். தாவிக் குதிக்கிற இடத்தில் குதித்து இறங்கும் பக்கம் நேரெதிரே போகவே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு டேப் ஓரம் நிற்காதீர்கள், விலக வேண்டி வந்தால் விலக முடியாது. ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அதில் ஒன்று தட்டுவடைக்கு.

இரண்டு நாள் கழித்து ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டேப்பை மூங்கில் நட்டு இரண்டு வரிசையாகக் கட்டுகிறோம், போட்டோ பாயிண்டை மாற்றுகிறோம், பஜ்ஜிக் கடையை இந்தப் பக்கம் கொண்டுவருகிறோம் என்றார். வாலண்டியர்களுக்கு என்ன சொல்லித் தரலாம் என்று கேட்டார். ஏழாவது வளைவில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தர வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். "எந்தப் பொண்ணுங்க? ஏழுல நாங்க யாரையும் போடலையே" என்றார்.

பச்சைத் துப்பட்டா, கழுத்தில் விசில் என்று அடையாளம் சொல்லி வைத்திருக்கிறேன்.